கொட்டகைக்கு எத்தனை வாசல்?

அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் வெளியேறியதும் நம் கிராமங்களில் ஒரு கொட்டகை காலியாகிறது. களத்துமேட்டுக் கொட்டகை, வைக்கோல் கொட்டகை, பழைய நெல் குடோன், பம்புசெட்டை ஒட்டிய தகரக் கொட்டகை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். தை பிறந்ததிலிருந்து ஆடி வரும் வரை அதுதான் நமக்குக் கல்யாண மண்டபம். காதுகுத்தும் அங்கேதான். சங்கத்தின் பொதுக்குழுவும் அங்கேதான். பிள்ளைகளின் நாடகமும் இரவுப் பள்ளிக்கூடமும் அங்கேதான். மழை பிடித்துக்கொண்டால் கருமாதிப் பந்தியும் அங்கேதான்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டவுன் மண்டபத்துக்கு ஒரு நாள் வாடகை கட்டினால், நடவுக்குப் போகிற பெண்ணின் ஒரு பருவக் கூலி அதிலேயே போய்விடும். மில்லில் ஷிப்டு பார்க்கிறவன் பல மாதச் சம்பளத்தை எடுத்து வைக்க வேண்டும். ஆகவே கொட்டகையைக் கேட்கிறோம். தேதியைக் கேட்கிறோம். மைக் செட்காரருக்குச் சொல்லி அனுப்புகிறோம். சமையல்காரருக்கு முன்பணம் கொடுக்கிறோம். வாழைமரம் கட்ட ஆள் பார்க்கிறோம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை: இந்தக் கொட்டகைக்கு எத்தனை வாசல்?

இது அற்ப விஷயம் என்று நினைக்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். பழைய கதை ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகருக்குப் பக்கத்தில் பர்வெல் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1727-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி இரவு அங்கே பொம்மலாட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த ஆட்டக்காரர்கள், தானியமும் வைக்கோலும் போட்டு வைக்கும் ஒரு பெரிய கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார்கள். கூரை வைக்கோல் வேய்ந்தது. உள்ளே ஒரு பக்கம் புது வைக்கோல் குவிந்து கிடந்தது. கிராமத்தார் பிள்ளை குட்டிகளோடு வந்தார்கள். சினிமா இல்லாத காலம். பொம்மலாட்டம் வருவதே வருஷத்தில் ஒரு தடவை. உள்ளே கூட்டம் நிறைந்துவிட்டது. காசு கொடுக்காதவர்கள் முண்டியடித்து உள்ளே வராமல் இருக்க, இருந்த ஒரே சின்னக் கதவையும் உள்ளேயிருந்து ஆணி அடித்து மூடினார்கள்.

இரவு சுமார் 9 மணிக்குத் தீப்பிடித்தது. பக்கத்துத் தொழுவத்தில் விளக்கோடு ஏறி, காசில்லாமல் வேடிக்கை பார்க்க முயன்ற குதிரைக்காரன் ஒருவன்மேல் வழக்குப் போட்டார்கள். கோர்ட் அவனை விடுதலை செய்தது. தீப்பொறி எங்கிருந்து வந்தது என்பதல்ல இங்கே பேச்சு. வைக்கோலிலிருந்து கூரைக்குப் போக அதற்குக் கண்மூடித் திறக்கும் நேரம் போதுமாயிருந்தது. கூரையின் உட்புறம் காய்ந்த ஒட்டடை தொங்கியது என்பதைக்கூட அந்த ஊர்ப் பாதிரியார் தேவாலயப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஜனங்கள் கதவை நோக்கி ஓடினார்கள். கதவில் ஆணி. ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். 78 பேர் மாண்டார்கள். பாதிக்கு மேல் குழந்தைகள். அவர்கள் நினைவாக நெருப்புச் சுடர் விடும் இதயம் ஒன்றைச் செதுக்கிய கல் இன்றும் அந்தத் தேவாலயத்து மயானத்தில் நிற்கிறது.

ஆணி அடித்தவனுக்கு ஒருவரையும் கொல்லும் எண்ணம் இருந்திருக்காது. டிக்கெட் வாங்காதவன் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதுதான் அவன் கவலை. உள்ளே இருப்பவர்கள் வெளியே போவது எப்படி என்ற நினைவு அவன் மூளையில் எழவே இல்லை. ஏறக்குறைய 300 வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றும் கொட்டகைக்குக் கதவு போடுகிறவர்களின் கவலை பெரும்பாலும் அதேதான். திருடன் வரக் கூடாது, மாடு வரக் கூடாது, அழையாதவன் வரக் கூடாது! உள்ளே வருவதைப் பற்றியே நினைப்பு.

நம் நாட்டுக்கு வருவோம். 1995 டிசம்பர் 23-ந் தேதி ஹரியானாவில் டப்வாலி என்ற ஊரில் பள்ளிக்கூட ஆண்டு விழா. செயற்கைத் துணியால் போட்ட பந்தலில் மின்சாரக் கோளாறினால் தீப்பிடித்தது. எரியும் துணி உருகிச் சொட்டுச் சொட்டாய்த் தலையில் விழுந்தது. ஜனங்கள் ஓடிச் சேர வாசல் ஒன்றுதான். 400-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மேடையில் ஆட வந்த குழந்தைகளும் பார்க்க வந்த தாய்மார்களும்தான் அதிகம். 1997 ஜூன் 7-ந் தேதி தஞ்சைப் பெரிய கோயில் கும்பாபிஷேகத்தில் யாகசாலைப் பந்தலில் தீ. 40-க்கு மேற்பட்டோர் பலி. 2004 ஜனவரி 23-ந் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மேல்மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு, அதன் கீழே முகூர்த்தம். வீடியோ எடுக்க இழுத்த ஒயரிலிருந்து பொறி கீற்றில் பிடித்தது. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. மாப்பிள்ளை உட்பட 50-க்கு மேற்பட்டோர் போய்விட்டார்கள். அதே வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீ. கீற்று வேய்ந்த சமையல் கூடத்தில் பிடித்த தீ, மாடியில் கீற்றுக் கூரையின் கீழே படித்துக்கொண்டிருந்த வகுப்புகளுக்குத் தாவியது. 94 குழந்தைகள்!

இந்த வரிசையில் வெண்மணியை நான் சேர்க்க மாட்டேன். 1968 டிசம்பர் 25-ந் தேதி அந்தக் குடிசையில் 44 பேர் கொளுத்தப்பட்டது விபத்தல்ல, கொலை. அதை விபத்துகளின் பட்டியலில் வைப்பதே பாவம்.

கும்பகோணத்துக்குப் பிறகு சர்க்கார் பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரைகளை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. அது சரியான காரியம். ஆனால் அன்றிலிருந்து பத்திரிகைகளிலும் அதிகாரிகள் பேச்சிலும் ஒரு பாட்டுத்தான் கேட்கிறது. கீற்றுதான் எமன், கீற்றை ஒழித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கீற்று எரியும்; மறுப்பவன் யார்? நம்மில் பாதிப் பேர் கீற்றின் கீழேதான் பிறந்தோம். ஆனால் தனியாக நிற்கும் கொட்டகையில், நாலு பக்கமும் திறந்து கிடந்தால், கூரை பற்றிய உடனே ஜனங்கள் நாலு திசையிலும் வெளியே ஓடிவிடலாம். அதே ஜனங்களைத் தகர ஷீட் போட்ட குடோனுக்குள் வைத்து, முன்னால் ஒரே ஒரு ஷட்டரை விட்டு, உள்ளே சாமியானாத் துணியும் தெர்மாகோல் ஜோடனையும் பிளாஸ்டிக் பூவும் கட்டினால் அது கீற்றைவிடக் கொடியது. தெர்மாகோலும் பிளாஸ்டிக்கும் எரியும் புகையே ஆளை மயக்கிப் போட்டுவிடும். நெருப்பு வந்து சேர வேண்டியதில்லை. "எங்கள் கொட்டகை தகரக் கொட்டகை, பயமில்லை" என்று சொல்லும் தோழர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மேலே சொன்ன சாவுகளில் டப்வாலியையும் ஸ்ரீரங்கத்தையும் பர்வெலையும் எடுத்துப் பாருங்கள். எரிந்தது வெவ்வேறு பொருள். ஒன்று வைக்கோல், ஒன்று துணி, ஒன்று கீற்று. ஆனால் ஜனங்கள் போய் மோதி நின்ற இடம் ஒன்றேதான். அது வழியில்லாத வழி.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். புளோ ரூமில் ஒரு பொறி பஞ்சில் விழுந்தால் எப்படி ஓடும் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். 1948-ல் தொழிற்சாலைச் சட்டம் எழுதப்பட்டபோதே அதில் ஒரு ஷரத்து வைத்தார்கள். உள்ளே ஆள் இருக்கும்போது வெளியேறும் கதவுகளை உடனே திறக்க முடியாதபடி பூட்டவோ கட்டவோ கூடாது. கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். ஏன் வெளிப்பக்கம்? உள்பக்கம் திறக்கும் கதவின்மேல் 50 பேர் மோதினால் அந்தக் கதவைப் பிரம்மா வந்தாலும் திறக்க முடியாது. முன்னால் நிற்பவன் கதவை இழுக்கப் பார்ப்பான். பின்னால் இருப்பவர்கள் அவனையும் கதவையும் சேர்த்துத் தள்ளுவார்கள். முதலாளியோடு மல்லுக்கட்டி ஆலைக்குள் நாம் வாங்கிய இந்தப் பாதுகாப்பை, நம் வீட்டுக் கல்யாணத்தில் நாமே கோட்டை விடலாமா?

விடுகிறோம். நானே விட்டிருக்கிறேன். அதைச் சொல்லாமல் மற்றவர்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

பல வருஷங்களுக்கு முன், காவிரிப் பாசனத்துக் கிராமம் ஒன்றில் விவசாயத் தொழிலாளர் கூட்டம். ஏற்பாடு என் பொறுப்பு. ஒருவருடைய களத்துக் கொட்டகையை இரவல் வாங்கியிருந்தோம். முன்னால் அகலமான வாசல். பின்னால் மாடு போகிற அளவுக்கு ஒரு வழி, அதற்கு மூங்கில் படல். மத்தியானம் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு நடவாள் அம்மா என்னைக் கூப்பிட்டார். "ஏன் தம்பி, பின்னால படலை இப்படி வரிஞ்சு கட்டிப் போட்டிருக்கியே, அவசரம்னா யாரு அவுக்கிறது?" என்றார். "மாடு உள்ளே வந்து மாவிலையை மேஞ்சிடுது பெரியம்மா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு மறுபடி பெருக்கப் போய்விட்டார்.

ராத்திரி மேடைக்கு மேலே கட்டியிருந்த பெரிய போகஸ் லைட் கீற்றுக்கு ஒரு முழம்கூட விலகி இல்லை. பேச்சாளர் பேசிக்கொண்டே இருக்கிறார். கூரையிலிருந்து புகை வருகிறது. முன்னால் உட்கார்ந்திருந்த ஆண்கள் எழுந்து ஓடினார்கள். பின்னால் இருந்தவர்கள் பெண்கள். குழந்தைகளைத் தூளியில் போட்டுப் பின்பக்கத்துத் தூண்களில் கட்டியிருந்தார்கள். படலை அவிழ்க்க நாலு பேர் மல்லுக்கு நின்றார்கள். நான் கட்டிய முடிச்சு அப்படி! கடைசியில் அந்த அம்மாதான் இடுப்பிலிருந்த கருக்கரிவாளால் கயிற்றை அறுத்தார். வெளியே சமையல் நடந்துகொண்டிருந்தது. வடித்து வைத்திருந்த கஞ்சியையும் அண்டாத் தண்ணீரையும் பெண்கள் வாரி இறைத்தார்கள். கொம்பால் எரியும் கீற்றைப் பிய்த்துக் கீழே தள்ளினார்கள். இரண்டு பேருக்குக் கையில் சூடு, அவ்வளவோடு போயிற்று.

காற்று அன்று கொஞ்சம் வேகமாக அடித்திருந்தால்? இந்தக் கேள்வி இன்றுவரை என்னை விட்டதில்லை. அந்த அம்மா கேட்டதற்கு நான் பதில் சொன்னேனே தவிர, காது கொடுக்கவில்லை. கொட்டகையைப் பெருக்குகிறவர்களுக்குத்தான் கொட்டகை தெரியும். எந்த மரம் உளுத்திருக்கிறது, எந்த மூலையில் பாம்பு அடையும், எந்தக் கீல் துருப்பிடித்திருக்கிறது என்பதெல்லாம் ஏற்பாட்டுக் கமிட்டிக்குத் தெரியாது. அவர்களைக் கேட்டுவிட்டுத் தேதி வைப்பது நல்லது.

இனி, செய்ய வேண்டியதைப் பேசுவோம்.

முதலில் வாசல். இரண்டு வேண்டும், ஒன்றுக்கு எதிர்ப்பக்கம் மற்றொன்று. இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் அது ஒரு வாசல்தான். இரண்டாவது வாசல் இல்லாத கொட்டகையா? கீற்றுத் தட்டியோ தகரமோ அடைத்திருந்தால், ஒரு பக்கத்தை முழுதாகக் கழற்றிவிடச் சொல்லுங்கள். ஒரு மணி நேர வேலை. செங்கல் சுவராக இருந்து வழியே இல்லையென்றால், கூட்டத்தை வெளியே களத்தில் வைத்துக்கொண்டு கொட்டகையில் சாமான்களை மட்டும் வையுங்கள். வாசலுக்கு நேராகப் பந்தி பாய் போடக் கூடாது, செருப்பு மலை குவியக் கூடாது, மோட்டார் சைக்கிள் நிறுத்தக் கூடாது. இதைச் சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். தாழ்ப்பாளைக் கழற்றி ஏற்பாட்டாளர் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் சண்டைக்கே இடமில்லை.

அடுத்தது ஆள் கணக்கு. தரையில் பாய் விரித்து உட்காரும் கூட்டத்துக்கு ஆளுக்கு 10 சதுர அடி என்பது என் கைக்கணக்கு. 30 அடி நீளம், 20 அடி அகலம் உள்ள கொட்டகை 600 சதுர அடி, 60 பேர். நாம் எத்தனை பேரை ஏற்றுகிறோம்? 200! கூட்டம் பெருகுவது சங்கத்துக்குப் பெருமைதான். மிச்சமுள்ளவர்கள் வெளியே மரத்தடியில் உட்கார ஒரு ஸ்பீக்கரை வெளிப்பக்கம் திருப்பி வைத்தால் பெருமை குறையாது.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தீயில் சாவதோடு, ஷாக்கடித்துச் சாவதும் கொட்டகை விசேஷங்களில் நடக்கிறது. நாம் செய்வது என்ன? கம்பத்தில் கொக்கி போடுகிறோம். அல்லது பம்புசெட் இணைப்பிலிருந்து ஒயர் இழுக்கிறோம். விவசாயத்துக்குக் கொடுத்த இணைப்பை விசேஷத்துக்குத் திருப்புவது சட்டவிரோதம்; மாட்டினால் அபராதம் கட்டப்போவது நிலத்துக்காரர் மட்டுமல்ல, கொட்டகை கேட்ட நாமும்தான். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு என்று ஒன்று இருக்கிறது. மனுக் கொடுத்துப் பணம் கட்டி வாங்கலாம். பணம் இல்லையென்றால் நிகழ்ச்சியைப் பகலில் வையுங்கள். பகல் வெளிச்சம் இலவசம்.

ஒயர் இழுக்கிறவர் நம் பையன்தான், நம்பிக்கையானவன்தான். ஆனால் இரண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றி, அதைக் கீற்றுக்குள் செருகி விட்டிருந்தால் அவன் நல்லவன் என்பதற்காக நெருப்பு சும்மா இருக்காது. ஒட்டுப்போட்ட ஒயர் கூரையைத் தொடக் கூடாது. தகரத்தின்மேல் கிடக்கவே கூடாது. ஒயரின் தோல் உரிந்தால் கொட்டகை முழுவதும் மின்சாரம். தூணில் சாய்ந்த குழந்தைக்கு அதுவே எமன். மழைத் தண்ணீர் நிற்கிற தரையில் சுவிட்ச் போர்டை வைக்கிறார்களே, அதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. மின்கசிவு வந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச் ஒன்றை மெயினோடு சேர்த்து மாட்டி வைப்பவர்களையே மைக் செட்டுக்கு அமர்த்துங்கள். பியூஸ் போனால் தடித்த கம்பியைச் சுற்றிப் போடுகிற கெட்டிக்காரரை அந்தப் பக்கமே விடாதீர்கள். பியூஸ் உருகுவது நம்மைக் காப்பாற்ற. அதன் வாயை அடைக்கக் கூடாது. சூடேறும் பெரிய விளக்குகள் கூரையிலிருந்தும் துணியிலிருந்தும் குறைந்தது 3 அடி விலகி நிற்கட்டும். இப்போது எல்.இ.டி. விளக்குகள் கிடைக்கின்றன, சூடும் குறைவு, செலவும் குறைவு.

பந்தலுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் விதிகளே எழுதி வைத்திருக்கிறது, எண் 8758. செயற்கைத் துணியும் செயற்கைக் கயிறும் கூடாது, மின்சாரம் ஓடும் லைனுக்குக் கீழே பந்தல் போடக் கூடாது என்று அதில் இருக்கிறது. கொட்டகையின் முன்னால் தாவாரப் பந்தல் இறக்குகிறவர்கள் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கொம்பு நடட்டும்.

ஜெனரேட்டர் வாடகைக்கு வந்தால் அதைக் கொட்டகைக்குள்ளோ, சுவரோரம் ஜன்னலுக்குக் கீழேயோ வைக்கக் கூடாது. அந்தப் புகையில் மணமில்லாத, கண்ணுக்குத் தெரியாத விஷவாயு இருக்கிறது. தூங்குகிறவன் தூக்கத்திலேயே போய்விடுவான். தள்ளி, காற்று கொட்டகையை நோக்கி வராத பக்கத்தில் வையுங்கள். ஓடும்போது எண்ணெய் ஊற்ற வேண்டாம்.

அடுப்பும் அப்படியே. கோட்டை அடுப்பு கொட்டகைக்கு வெளியே, காற்று போகிற திசையில், எட்டத்தில். அடுப்புக்கும் கொட்டகைக்கும் நடுவில் வைக்கோல் போர் இருக்கக் கூடாது. இருந்தால் போரை நகர்த்துவது கஷ்டம். அடுப்பை நகர்த்துவது சுலபம். வெடி வைப்பதை நிறுத்தச் சொன்னால் இளைஞர்கள் கேட்கமாட்டார்கள் என்று தெரியும். ராக்கெட்டையாவது நிறுத்துங்கள். அது எந்தக் கூரையில் இறங்கும் என்று விட்டவனுக்கே தெரியாது.

இப்போது கொட்டகையில் கிடக்கும் சாமான். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆகவே அழுத்திச் சொல்கிறேன். நெல்லிலும் பயறிலும் வண்டு விழாமல் இருக்கச் சிலர் மாத்திரை வைக்கிறார்கள். அலுமினியம் பாஸ்பைடு என்று பெயர். காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து விஷவாயு கிளம்பும். மூட்டைக்கு மாத்திரை வைத்த குடோனின் ஒரு பக்கத்தில் தார்ப்பாய் மறைப்புக் கட்டி, மறுபக்கம் விருந்தாளிகளைப் படுக்க வைப்பது சாவைப் பக்கத்தில் படுக்க வைப்பதுதான். கொட்டகை கேட்கும்போதே சொந்தக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: மாத்திரை வைத்திருக்கிறதா, எப்போது வைத்தது, மிச்ச டப்பா எங்கே? வைத்திருக்கிறது என்றால் வேறு இடம் பாருங்கள். பூச்சிமருந்து பாட்டில்கள், மருந்தடிக்கும் பம்பு, டீசல் கேன் எல்லாவற்றையும் விசேஷத்துக்கு முன்பே வெளியேற்றிப் பூட்ட வேண்டும். குழந்தைக்குத் தாகமெடுத்தால் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் பார்க்காது. ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் உள்ளே சூடேறும் என்பது குடியானவனுக்குத் தெரியும். அதன் பக்கத்தில் பீடி பிடிக்கக் கூடாது என்பது ஏனோ மறந்துபோகிறது.

பரண் இருந்தால் ஏணியை எடுத்துவிடுங்கள். நாடகம் பார்க்கப் பிள்ளைகள் பரணில் ஏறுவார்கள். வைக்கோல் தாங்கிய மரம் ஆட்கள் குதிப்பதைத் தாங்க வேண்டும் என்று சட்டமில்லை. தரையோடு தரையாகச் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு களத்துக்குப் பக்கத்தில் இருந்தால், இருட்டுவதற்கு முன்னே நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டி ஒரு விளக்கும் போட வேண்டும்.

பெண்கள் ஒதுங்குவதற்கு மறைவான, வெளிச்சமுள்ள இடம் வேண்டும். இது ஏற்பாட்டுக் கமிட்டியில் பேச்சுக்கே வருவதில்லை. காரணம் கமிட்டியில் பெண்கள் இல்லை. இருட்டில் வரப்பில் நடந்து போய்ப் பாம்புக்கடி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். தட்டி நாலு, பல்பு ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று. இதற்குக் கூடவா வசூல் போதாது? மாலைக்கும் பொன்னாடைக்கும் போகிறதே!

வந்த ஜனங்கள் திரும்பிப் போவதும் நம் பொறுப்பு. டிராக்டர் டிரெய்லரில் ஆட்களை அடைத்து அனுப்புவது சட்டப்படியும் தப்பு, புத்திப்படியும் தப்பு.

"இதையெல்லாம் கொட்டகைக்காரரிடம் எப்படிக் கேட்பது? ஓசியில் கொடுக்கிறார்" என்பார்கள் தோழர்கள். இதுதான் உண்மையான முட்டுக்கட்டை. கயிறும் தட்டியும் பெரிய செலவல்ல. வாய் திறப்பதுதான் செலவு. நாளைக்கு அவர் வயலில் கூலிக்குப் போக வேண்டியவன், "ஐயா, பின்சுவரில் ஒரு வழி விடுங்கள்" என்று எப்படிச் சொல்வான்? கல்யாணத்துக்குக் கொட்டகை கொடுத்ததற்கே ஒரு வருஷம் கையைக் கட்டி நிற்க வேண்டியிருக்கிறது. சொன்னால், "வேணும்னா வை, இல்லாட்டி வேற இடம் பார்" என்பார். சேரி ஜனங்களுக்கு அந்த வேறு இடமும் கிடையாது என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

தனியாள் கேட்கத் தயங்குவதைச் சங்கம் கேட்க வேண்டும். கல்யாண வீட்டார் போய்க் கேட்டால் அது யாசகம். கிளைக் காரியதரிசி நாலு பேரோடு போய், இந்த ஊரில் எந்தக் கொட்டகையில் ஜனங்கள் கூடினாலும் இரண்டு வாசல் வேண்டும் என்று சொன்னால் அது ஊர் முறை. முதலில் நம் கூட்டங்களுக்கு அந்த முறையை வைத்துக்கொள்வோம்; பிறகு மற்றவர்களிடம் பேசலாம். எந்தக் கொட்டகைக்காரரும் தன் கூரையின் கீழே பத்துப் பேர் செத்து, கோர்ட்டுக்கு நடக்க விரும்புவதில்லை. அதையும் அவருக்கு மரியாதையாக நினைவூட்டலாம்.

பஞ்சாயத்தையும் விடக் கூடாது. பல ஊர்களில் சமுதாயக் கூடம் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. அதன் சாவி ஒரு பெரியவர் வீட்டு ஆணியில் தொங்குகிறது. கூடத்துக்குள் அவருடைய உரமூட்டை. கூடம் உழைப்பாளிகளின் தெருவிலிருந்து எட்டாத தூரத்தில் நிற்கும் ஊர்களும் உண்டு. அது திறந்திருந்தால் யார் வைக்கோல் கொட்டகைக்குப் போகிறான்? கிராம சபை கூடும்போது, சாவி எங்கே, கூடத்தின் வாடகை என்ன, அதற்கு எத்தனை வாசல் என்ற மூன்று கேள்வியையும் எழுத்தில் கொடுங்கள். வாசல் கேள்வியை அங்கேயும் விடாதீர்கள். சிமெண்டுக் கூரை என்பதற்காக ஒற்றை வாசல் கூடம் உத்தமமாகிவிடாது.

கூட்டத்தன்று இரண்டு தொண்டர்கள் வேறு எந்த வேலையும் இல்லாமல் இருக்க வேண்டும். ஒருவர் பின்வாசலில், ஒருவர் மெயின் சுவிட்ச் பக்கத்தில். அவர்களைக் காப்பி வாங்க அனுப்பாதீர்கள். டிரம்மில் தண்ணீர், வாளிகளில் மணல், கீற்றைப் பிய்க்க நீளக் கொம்பு. தீயணைப்பு வண்டி தாலுகா ஊரிலிருந்து வர வேண்டும். அது வருவதற்குள் கூரை போய்விடும். ஆனாலும் 101-க்கு உடனே சொல்ல வேண்டும், வண்டி வரும் பாதையை மறித்து நிற்கும் வாகனங்களை நகர்த்த வேண்டும். தலைவரை முன்மொழிந்து வழிமொழிந்ததும், முதல் பேச்சாளருக்கு முன்பாக, இந்தக் கொட்டகைக்கு இங்கே ஒரு வழி, அங்கே ஒரு வழி என்று கையைக் காட்டிச் சொல்லுங்கள். அரை நிமிஷம் போதும். நம் பேச்சாளர்கள் அரை நிமிஷம் குறைத்துப் பேசினால் யாரும் வருத்தப்படமாட்டார்கள்.

கூரை பற்றிவிட்டால் முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். அண்டாவும் மைக் செட்டும் கிடக்கட்டும். மெயினை அணைக்காமல் தண்ணீர் ஊற்றாதீர்கள். புகை சூழ்ந்தால் குனிந்து, தரையோடு தவழ்ந்து வரச் சொல்லுங்கள். உடையில் தீப்பிடித்தவர் ஓடக் கூடாது. கீழே படுக்க வைத்து உருட்டுங்கள், கனத்த பருத்திப் போர்வை அல்லது சாக்கினால் மூடுங்கள். வெந்த இடத்தில் 20 நிமிஷம் நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். மை பூசாதீர்கள், மாவு பூசாதீர்கள், பற்பசை பூசாதீர்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். வளையல், மெட்டி, அரைஞாண் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றி, சுத்தமான வெள்ளைத் துணியால் லேசாக மூடி, 108 வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். கூடப் போகிறவர் யார் என்பதைக் கூட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்து வையுங்கள்.